வீரணன் பிரஷரும் கரட்டுத் தெருத் தண்ணியும்

ஊமைக்கரட்டில் எந்தக் குழாயைத் திறந்தாலும் தண்ணி ஒரே கம்பியாக விழாது. ஒரு தள்ளு, ஒரு இழுப்பு, ஒரு தள்ளு, ஒரு இழுப்பு என்றுதான் விழும். வெளியூரிலிருந்து வாக்கப்பட்டு வந்த புதுப்பெண் முதல் நாள் குடத்தை வைத்துவிட்டு, "என்னத்தே, குழாய்க்கு விக்கலா?" என்று கேட்டால், மாமியார்க்காரி, "விக்கல் இல்லத்தா, அது வீரணன் நெஞ்சு" என்று சொல்லிவிட்டு அடுத்த குடத்தை நகர்த்துவாள், அதோடு அந்தப் பேச்சு முடிந்துவிடும்.

வீரணன் என்றதும் யாரோ பெரிய ஆள் என்று நினைத்துவிடாதீர்கள். பஞ்சாயத்து டேங்குக்கு மோட்டார் போட்டு, வால்வைத் திருகி, ஊருக்குத் தண்ணி திறந்துவிடுகிறவன். கரடு என்கிற அந்தச் சின்னக் குன்றின் இடுப்பில் டேங்கு, டேங்குக்குக் கீழே வாய்க்கால் தெரு, மேலே கரட்டுத் தெரு. உச்சியில் கட்டவேண்டிய டேங்கை இடுப்பில் ஏன் கட்டினார்கள் என்றால், செங்கல் லாரி அதுக்கு மேலே ஏறவில்லை, அவ்வளவுதான் காரணம். அதனால் வாய்க்கால் தெருவில் குழாயைத் திறந்தால் குடம் உருண்டு ஓடும், கரட்டுத் தெருவில் திறந்தால் பூனை மாதிரி ஒரு சத்தம் வரும், காத்து வரும், ரொம்ப வேண்டிக் கேட்டால் கொஞ்சம் தண்ணி வரும். வீரணனோ டேங்குக்கு அடியில் ஒரு சிமெண்டுக் கட்டையில் வாய்க்கால் தெருவைப் பார்த்து உட்கார்ந்தானென்றால் உட்கார்ந்ததுதான். நாகமணி கடை மசால் வடை அவன் இருக்கிற இடம் தேடி வரும், டீ தேடி வரும், அவன் எழுந்து நாலு எட்டு நடந்ததை ஊரில் பார்த்தவர்கள் குறைவு.

ஒரு பங்குனி மாதத்துக் காலையில் அவன் பெண்டாட்டி பவுன்தாயி அரிசி களைந்துகொண்டிருந்தபோதுதான் தண்ணி அப்படி விழ ஆரம்பித்தது. அவள் குழாய்க்கு அடியில் உள்ளங்கையை நீட்டினாள். தண்ணி தட்டியது. தட்டிவிட்டு ஒரு சின்ன இழுவை இழுத்தது, பிறகு மறுபடி தட்டியது. கல்யாணம் ஆன நாளிலிருந்து எந்த நெஞ்சின் மேல் காதை வைத்துத் தூங்குகிறாளோ அந்த நெஞ்சு தட்டுகிற தட்டு அது, அதிலே வருகிற அந்தச் சின்ன இழுவை ஊரில் வேறு எவனுக்கும் கிடையாது. ஈரக் கையோடு டேங்கடிக்குப் போய்ப் பட்டப்பகலில் புருசன் நெஞ்சில் காதை வைத்தாள்.

"ஏய் பவுனு, என்ன இது நடு ரோட்டுல, பொம்பளைக பாக்குறாக!"

"பேசாம இருங்க. பேசுனா மாறிப்போகுது."

உண்மைதான், அவன் வெட்கப்பட்டதில் நெஞ்சு வேகமாக அடித்தது, பக்கத்தில் தெருக்குழாயில் வைத்திருந்த குடமும் படபடவென்று நிறைந்து வழிந்தது. பவுன்தாயி இடுப்புச் சேலையில் கையைத் துடைத்துக்கொண்டு, "சரி, ஒங்க நெஞ்சுதான்" என்று சொல்லிவிட்டு, உலையில் அரிசி போடப் போய்விட்டாள்.

ஊருக்கும் இது பெரிய விசயமாகப் படவில்லை. பஞ்சாயத்துத் தலைவர் யூனியனுக்கு எழுதிப்போட்டதில் ஒரு இஞ்சினியர் வந்தார், குழாயை மூன்று பக்கமும் தட்டிப் பார்த்தார், "காத்து புகுந்திருக்கு" என்றார், இளநீர் குடித்துவிட்டுப் போனார். அதற்குப் பிறகு ஊர் தன் பாட்டுக்கு அந்தத் தண்ணியோடு பழகிக்கொண்டது. வீரணனுக்குக் காய்ச்சல் வந்தால் எல்லாக் குழாயிலும் வெந்நீர் வரும், பிள்ளை பெற்ற வீடுகளில் அன்றைக்குப் பிள்ளைகளைக் குளிப்பாட்டிவிடுவார்கள்; மத்தியானம் அவன் கண்ணயர்ந்தால் தண்ணி நூலாகிவிடும், யாரும் துணி துவைக்கமாட்டார்கள்; கபடி ஆட்டம் நடக்கிற அன்றைக்குத் தொட்டியெல்லாம் தானாக நிறையும். ஒரு நாள் மழைக்கால மத்தியானம், வழக்கமாக நூலாக வருகிற நேரத்தில், ஊர் முழுக்கக் குழாய்கள் குபுகுபுவென்று பொங்கி, கொஞ்ச நேரத்தில் அப்படியே அடங்கிப்போயின. அடுத்த நாள் தெருக்குழாயில் வாய்க்கால் தெருப் பெண்கள், "என்ன மதினி, நேத்து நல்ல மழை போல" என்று மாற்றி மாற்றிக் கேட்டதில் பவுன்தாயி ஒரு வாரம் தண்ணி பிடிக்க வெளியே வரவில்லை.

சண்டை வந்தது மேட்டினால்தான். வீரணன் சாதுவாக இருந்தால் தண்ணி மேலே ஏறாது, அவனுக்குக் கோபம் வந்தால் கரட்டுத் தெருக் கடைசி வரைக்கும் ஏறும், ஏறுகிற அதே வேகத்தில் வாய்க்கால் தெருவில் குழாய்த் திருகு தெறித்து ஓடும். ஆகவே வாய்க்கால் தெருக்காரர்கள் அவனைக் கண்டால் மோர் கொடுத்தார்கள், விசிறினார்கள், "அண்ணனுக்கு என்ன ஒரு பொறுமை" என்று காதில் விழும்படி சொன்னார்கள். கரட்டுத் தெருக்காரர்கள் காலையில் முறைபோட்டு இறங்கி வந்து அவனை வைதார்கள். "மீசை ஒரு பக்கம் எறங்கிருக்கே, வால்வு லூசா?" என்று தொடங்குவார்கள். மீசையைச் சொன்னால் தண்ணி மேல்தெருவின் முதல் வீடுகளுக்கு ஏறும். வடை தின்கிறதைச் சொன்னால் நடுத்தெரு வரைக்கும் ஏறும். கடைசி வீட்டுக்கு மட்டும் வேறு எதைச் சொன்னாலும் ஏறாது, அதுக்கென்று ஒரு வசவு இருந்தது, அதைச் சொல்லவும் ஒரே ஒரு ஆளுக்குத்தான் பாத்தியம் இருந்தது, அவள் வீரணனின் கூடப்பிறந்த தங்கச்சி குருவம்மா, அந்தக் கடைசி வீட்டுக்காரி.

குருவம்மா இடுப்பில் காலிக் குடத்தோடு அண்ணன் முதுகுக்குப் பின்னால் வந்து நின்று, ஊர் கேட்கும்படி சொல்வாள்: "தங்கச்சி மக காதுகுத்துக்கு வெறுங்கைய வீசிக்கிட்டு வந்த தாய்மாமன் ஒலகத்துலயே எங்கண்ணன் ஒருத்தன்தேன்!"

அவ்வளவுதான், வீரணன் நெற்றியில் ஒரு நரம்பு புடைக்கும், மேலேயிருந்து, "வந்துருச்சு குருவக்கா!" என்று சத்தம் வரும், அவள் மேலே ஏறிப்போய்விடுவாள்.

அந்தக் கதை பழையது. குருவம்மாவின் மகள் சிந்துஜாவுக்குக் குலசாமி கோயிலில் காது குத்துகிற நாள். பிள்ளை தாய்மாமன் மடியில் உட்காரவேண்டும், தாய்மாமன் கொண்டுவருகிற தோடு காதில் ஏறவேண்டும். அன்றைக்கென்று பார்த்து வாய்க்கால் தெருவில் பெரிய குழாய் உடைந்து, வீரணன் இடுப்பளவு சேற்றில் நின்று அடைத்துவிட்டு ஓடிவருவதற்குள் நல்ல நேரம் போகிறதென்று பெரியப்பா மகன் மடியில் பிள்ளையை உட்காரவைத்துக் குத்திவிட்டார்கள். சேற்றுக் காலோடு வந்து நின்றான், பிள்ளை வேறு ஒருத்தன் மடியில் அழுவதைப் பார்த்தான், திரும்பிப் போனான், அன்றோடு கரட்டுத் தெருப் பக்கம் காலும் வைக்கவில்லை, முகமும் திருப்பவில்லை. பிள்ளை இப்போது காலேஜுக்குப் பஸ் ஏறுகிறாள். அந்த வசவு விழும்போது மட்டும் பவுன்தாயி எதையோ சொல்ல வாயைத் திறப்பாள், வீரணன் ஒரு பார்வை பார்ப்பான், அவள் மூடிக்கொள்வாள்.

ஆனால் அந்த நரம்பு அவள் தூக்கத்தைக் கெடுத்தது. ஒரு நாள் பஸ்ஸில் ஏற்றிப் பக்கத்து ஊர் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனாள். அங்கே இருந்த சின்ன வயசு டாக்டரம்மா கையில் பட்டையைச் சுற்றிக் காத்தடித்துப் பார்த்து, இன்னொரு தரம் பார்த்து, "இவ்வளவு பிரஷரை வச்சுக்கிட்டு எப்படிம்மா நடமாடுறாரு?" என்றார். "அவுக எங்க நடக்குறாக" என்றாள் பவுன்தாயி. மாத்திரை கொடுத்தார், உப்பைக் குறை, கருவாட்டை விடு, வடையை மறந்துவிடு, பீடியைத் தொடாதே, நட என்றார். மாத்திரை போட்ட இரண்டாம் நாளே வாய்க்கால் தெருவில் தண்ணி பதமாக விழுந்தது, கரட்டுத் தெருவில் சுத்தமாக நின்றது. குருவம்மா வந்து மீசை, வடை, காதுகுத்து மூன்றையும் மூச்சு விடாமல் சொல்லிப் பார்த்தாள், வீரணன் கொட்டாவி விட்டான்.

கரட்டுத் தெருப் பெண்கள் குடங்களோடு வேன் பிடித்து ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். விசயம் கேள்விப்பட்டுப் பவுன்தாயியும் பின்னாலேயே ஓடினாள்.

"பிரஷர் பத்தலை டாக்டரம்மா, கொஞ்சம் கூட்டி விடுங்க" என்றாள் குருவம்மா.

"யாருக்கும்மா பத்தலை?"

"எங்க தெருவுக்கே பத்தலை."

டாக்டரம்மா பேனாவைக் கீழே வைத்தார். "தெருவுல எல்லாருக்குமா? எப்ப இருந்து?"

"நீங்க மாத்திரை குடுத்ததுல இருந்து. மொத வீட்டுக்கு லேசா இருக்கு, நடுவுல கம்மி, கடைசி வீட்டுக்குச் சுத்தமா இல்ல."

"சுத்தமா பிரஷரே இல்லன்னா… அந்த வீட்டுல யாராவது உயிரோட இருக்காங்களா?"

"ஏன் இல்லாம? நான்தேன் அந்த வீடு. இந்தா நிக்கேன்ல, குடத்தோட!"

டாக்டரம்மா அவசரமாக அவள் கையைப் பிடித்துப் பட்டையைச் சுற்றினார், நன்றாகத்தான் இருந்தது. பிறகு பவுன்தாயி நடுவில் புகுந்து விளக்கமாகச் சொன்னாள். டாக்டரம்மா வெளியூர்ப் பெண், குழாயையும் டேங்கையும் விட்டுவிட்டுத் தனக்குத் தெரிந்ததை மட்டும் பேசினார். "அந்த மாத்திரையை நிறுத்தினா உங்க அண்ணன் ஒரு நாள் உக்காந்த இடத்துலயே போயிருவாரு. தண்ணி வேணுமா, அண்ணன் வேணுமா, நீங்களே பேசி முடிவு பண்ணுங்க."

குருவம்மா வேனில் ஏறி உட்கார்ந்ததும், "அவனுக்கு மாத்திரையக் குடுங்க மதினி. கீழ வந்து சொமந்துக்கிறோம். எங்க இடுப்பு என்ன மண்ணாங்கட்டியா, ஒடைஞ்சா போகும்?" என்றாள்.

அப்படித்தான் கரட்டுத் தெரு முழுக்க வாய்க்கால் தெருவுக்கு இறங்கி, குடத்தை நிறைத்து, வீரணன் உட்கார்ந்திருக்கிற டேங்கடி வழியாகவே மூச்சிரைக்க மேடேறியது. எல்லாரும் போவார்கள், கடைசியில் குருவம்மா போவாள், தலையில் ஒன்று இடுப்பில் ஒன்று. வீரணன் மேல்தெருவுக்கு முதுகைக் காட்டித்தான் உட்கார்ந்திருந்தான், ஆனால் அவள் கால்சத்தம் டேங்கைத் தாண்டி மேலே மறைகிறவரை காது பின்னால் திரும்பியே இருந்தது.

கொஞ்ச நாளில், ஒரு காலை, யாரும் வையாமலேயே கரட்டுத் தெருவில் தண்ணி பொங்கியது. மேலே குலவை போட்டார்கள். பவுன்தாயி மட்டும் கரண்டியைக் கையில் பிடித்தபடி டேங்கடிக்கு ஓடினாள்.

"மாத்திரை போட்டீங்களா?"

"போட்டேன்."

"எங்க போட்டீங்க?"

வீரணன் வேப்பமரத் தூரைப் பார்த்தான். தூரில் வெள்ளை வெள்ளையாய் மாத்திரைகள் கிடந்தன, எறும்புகூட அவற்றைத் தொடவில்லை. "போட்டேன்னுதானே சொன்னேன்? வாயில போட்டேன்னு சொன்னேனா?"

"ஏன்யா இப்படி என் தாலிய அறுக்கப் பாக்குறீக!"

"ரெண்டு குடம் தூக்கிட்டுப் போறா பவுனு" என்றான் அவன், வேறு எங்கோ பார்த்துக்கொண்டு. "சின்ன வயசுலயே அவளுக்கு இடுப்பு வலிக்கும்."

பவுன்தாயி அதற்குப் பிறகு மாத்திரையைத் தானே நாக்கில் வைத்து, வாயைத் திறக்கச் சொல்லிப் பார்த்து, பிறகுதான் வெளியே விட்டாள். ஆனாலும் வடையை எப்படி நிறுத்துவது? நாகமணியிடம் சண்டை போட்டால் அவன், "நான் விக்கலை மதினி, அவராக் கை நீட்டி எடுத்துக்கிறாரு" என்பான். இருந்த எண்ணெய் எல்லாம் போய்ச் சேரவேண்டிய இடத்தில் போய்ச் சேர்ந்துகொண்டுதான் இருந்தது.

ஆடி மாதம். கோயில் கொடைத் திருவிழாவுக்கு ஊரெல்லாம் வீடு கழுவுகிற நாள். மேல்தெருவுக்குத் தண்ணி ஏறவில்லை, கீழே குழாயடியில் கூட்டம், குருவம்மாவுக்குப் பொறுமை போய்விட்டது. டேங்கடிக்கு வந்து நின்று, சொல்லக்கூடாதென்று விட்டிருந்த அந்த வசவை, பழைய பாக்கி எல்லாம் சேர்த்து ஒரே மூச்சில் சொல்லிவிட்டாள். வீரணன் நெற்றி நரம்பு புடைத்தது. மாத்திரையையும் மீறிக்கொண்டு தண்ணி சீறி மேலே போனது, கடைசி வீட்டுக் குழாய் மூடியைத் தூக்கி எறிந்தது, "வந்துருச்சு குருவக்கா!" என்று சத்தம் வந்தது. அந்தச் சத்தம் அடங்குவதற்குள் தண்ணி திக்கியது. ஒரு தள்ளு, நிறைய நேரம் ஒன்றுமில்லை, இரண்டு அவசரத் தள்ளு, மறுபடி ஒன்றுமில்லை.

டேங்கடியில் வீரணன் நெஞ்சைத் தடவிக்கொண்டிருந்தான். சட்டை வேர்வையில் தொப்பலாக நனைந்திருந்தது, இடது கை தொங்கியது. சுற்றி நின்ற ஆண்களுக்கு ஒரு சந்தேகமும் இல்லை.

"வாயுதான். காலையில கெழங்கு தின்னிருப்பாரு."

"சோடாவ ஒடைங்கப்பா. ஒரு ஏப்பம் விட்டா சரியாப் போயிரும்."

"இஞ்சியத் தட்டி உள்ள விடுங்க. எங்க மாமனுக்கு இப்படித்தான் வாயு பிடிச்சுச்சு."

"ஒங்க மாமன் எங்க இப்ப?"

"அவரு அன்னைக்கே போயிட்டாரு."

அதற்குள் மேலேயிருந்தும் கீழேயிருந்தும் பெண்கள் காலிக் குடங்களோடு ஓடி வந்தார்கள். எல்லார் வீட்டிலும் குழாய் திக்குகிறது, குழாய் பொய் சொல்லாது. பவுன்தாயி மாவுக் கையோடு கூட்டத்தை இடித்துக்கொண்டு உள்ளே வந்து, நாகமணி கையிலிருந்த சோடாவைத் தட்டிவிட்டாள். "வாயுவாவது மண்ணாவது! வாயுன்னா தண்ணி ஏன்டா நிக்குது? போன் போடு நூத்தெட்டுக்கு!"

வண்டி வந்தபோது ஏற்றியது இரண்டு தெருவும் சேர்ந்துதான். குருவம்மா மட்டும் குடத்தைக் கட்டிப்பிடித்தபடி அதே இடத்தில் நின்றாள். அவளுக்கு வார்த்தை வராத முதல் நாள் அது.

டவுன் பெரிய ஆஸ்பத்திரியில் இதயத்துக்கென்று இருக்கிற டாக்டர் ஒரு காகிதத்தில் மாங்காய் மாதிரி ஒன்றை வரைந்து, அதன் மேல் கோடு கோடாகக் குழாய்கள் போட்டார். "இதயம் ஊருக்கெல்லாம் ரத்தம் அனுப்புதும்மா. ஆனா அதுக்கும் ரத்தம் வேணும்ல, அதுக்குத்தான் இந்தக் குழாய்க. இதுல இடப்பக்கம் முன்னால எறங்குற பெரிய குழாயில அடைப்பு. கைவழியாக் கம்பி விட்டுத் திறந்து, மறுபடி மூடாம இருக்க ஒரு சின்ன ஸ்பிரிங் வைக்கப்போறோம். நேரத்தோட கொண்டுவந்துட்டீங்க."

பவுன்தாயி ஊருக்குப் போன் போட்டாள். நாகமணி எடுத்தான். அவள் சொன்னதை அப்படியே கூட்டத்துக்குத் திருப்பிச் சொன்னான்: "இடப்பக்கம் முன்னால எறங்குற பெரிய குழாயில அடைப்பாம்!"

ஊர் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டது. பிறகு யாரும் யாருக்கும் சொல்லவேண்டியிருக்கவில்லை, ஆளுக்கொரு கடப்பாரை, மண்வெட்டி, கூடை என்று டேங்கடியில் கூடிவிட்டார்கள். டேங்கிலிருந்து இறங்குகிற பெரிய குழாய்கள் இரண்டு, ஒன்று வாய்க்கால் தெருவுக்குப் போகிறது, இன்னொன்று இறங்கி வளைந்து கரட்டுத் தெருவுக்கு ஏறுகிறது. ஆண்கள் டேங்கைப் பார்த்து நின்றுகொண்டு, தங்களுக்கு இடது பக்கம் இருந்த குழாயைத் தோண்டிக் கடப்பாரையால் ஒரு தட்டுத் தட்டினார்கள்.

ஆஸ்பத்திரி மேசையில் படுத்திருந்த வீரணன் கெக்கெக்கென்று சிரித்தான்.

"அசையாதீங்க!" என்றார் டாக்டர்.

"கூச்சமா இருக்குங்கய்யா. யாரோ வெலாவுல குத்துறாக."

ஊரில் நாகமணிக்குச் சந்தேகம் வந்துவிட்டது. போன் போட்டான். "மதினி, இடதுன்னா யாருக்கு இடது? பாக்குறவுகளுக்கா, அண்ணனுக்கா?" பவுன்தாயி வெளியே வந்த நர்சைப் பிடித்துக் கேட்டாள். "அவருக்கு இடதுதாம்மா, படம் பாக்குற நமக்கு வலது மாதிரி இருக்கும்" என்றது அந்தப் பெண். "அவருக்கு இடதாம்!" என்றான் நாகமணி. இப்போது அடுத்த சண்டை. டேங்குக்கு மூஞ்சி எது, முதுகு எது? ஏணி இருக்கிற பக்கம் மூஞ்சி என்றார் ஒருவர், ஏணி முதுகில்தான் இருக்கும் என்றார் இன்னொருவர், பஞ்சாயத்துப் பெயர் எழுதியிருக்கிற பக்கம்தான் நெற்றி என்றார் தலைவர்.

அப்போதுதான் குருவம்மா வாயைத் திறந்தாள். "எங்கண்ணன் உக்காந்திருக்கிற மாதிரி பாருங்கய்யா. எங்க தெருவுக்கு முதுகக் காட்டி, வாய்க்காலப் பாத்துத்தேன் இத்தனை வருசமா உக்காந்திருக்கான். அப்ப அவனுக்கு இடது கிழக்கு. எங்க தெருவுக்கு வர்ற குழாய்."

கிழக்கே தோண்டினார்கள். குழாயை அறுத்தார்கள். உள்ளே தண்ணி போக ஒரு தீக்குச்சி நுழைகிற சந்துதான் இருந்தது, மற்றதெல்லாம் மஞ்சளாக, பிசுபிசுவென்று, தட்டுத் தட்டாக உறைந்திருந்தது. நாகமணி குனிந்து மோந்து பார்த்தான், பின்வாங்கினான், இன்னொரு தடவை மோந்தான், மேல்துண்டால் கண்ணைத் துடைத்தான். "நம்ம கடை மசால் வடைப்பா. அந்தச் சோம்பு வாசனை எனக்குத் தெரியாதா?" கூட்டம் குனிந்தது. ஆளாளுக்கு ஒரு தட்டைக் கண்டுபிடித்தார்கள், இது தீபாவளி அதிரசம், இது கொடைக்கு வெட்டின கிடாய்க் கொழுப்பு, இது உப்புக் கருவாடு, இந்தக் கறுப்பு பீடிப் புகை. சுரண்டச் சுரண்ட வந்துகொண்டே இருந்தது. நடுவில், ஆக அடியில், எல்லாத் தட்டும் எதைச் சுற்றிப் படிந்திருந்ததோ அந்த இடத்தில், கம்பி நங்கென்று முட்டியது. நாகமணி அதை எடுத்துத் துடைத்துக் குருவம்மா கையில் வைத்தான். பச்சைப் பிள்ளை காதுக்குப் போடுகிற சின்னத் தோடு. சிவப்புக் கல்லு. ஒத்தைத் தோடு.

அந்த நேரம் டவுனில் டாக்டர், "ஆச்சு" என்றார். ஊமைக்கரட்டில் அறுத்த குழாயின் வாயிலிருந்து தண்ணி தட்டித் தட்டிப் பீறிட்டு எல்லார் முகத்திலும் அடித்தது. ஸ்பிரிங்தான் காப்பாற்றியது என்று டாக்டர் இன்றைக்கும் சொல்கிறார், கடப்பாரைதான் என்று நாகமணி சொல்கிறான், பவுன்தாயி இரண்டு பேருக்கும் தலையாட்டுகிறாள்.

நாகமணியின் போனைப் பிடுங்கிக் குருவம்மா கேட்டாள்: "மதினி, எங்கண்ணன் காதுகுத்துக்குத் தோடு எடுத்துருந்தானா?"

"எடுத்துருந்தாக குருவு. நான்தேன் கூடப் போயிக் கல்லு பாத்தேன். வழியில தொலைச்சுட்டேன்னாக, வெளிய சொன்னா நான் மனுசனா இருக்கமாட்டேன்னுட்டாக. தொலைச்சேன்னா சிரிப்பா, வாங்கலைன்னா வைவா, வையட்டும்னாக."

குருவம்மா போனை நாகமணியிடம் கொடுத்துவிட்டு, தோட்டைச் சேலை முந்தியில் முடிந்துகொண்டாள்.

கண் விழித்த வீரணனிடம் பவுன்தாயி கேட்டாள்: "வழியில தொலைச்சேன்னீங்களே?"

"தொலைச்சேன்தான்" என்றான் அவன், கூரையைப் பார்த்து. "டேங்குக்குள்ள எறிஞ்சு தொலைச்சேன். ரெண்டையும். பிள்ளை அடுத்தவன் மடியில அழுதுச்சு பவுனு, என்னால தாங்க முடியல."

வீட்டுக்கு விடும்போது டாக்டர் மாத்திரைகளைக் காட்டி, நிறுத்தவே கூடாது என்று சொல்லி, "இப்ப மெல்ல நடங்க, தேறினதும் கொஞ்சம் கொஞ்சமா மேடு ஏறிப் பழகுங்க. ஆயுசுக்கும் நடக்கணும்" என்றார். ஊமைக்கரட்டில் ஏறுவதற்கு இருப்பது ஒரே மேடுதான்.

முதல் நாள் வேப்பமரம் வரைக்கும், அப்புறம் பிள்ளையார் வரைக்கும், அப்புறம் மெல்ல மெல்ல, பவுன்தாயி துண்டும் தண்ணிப் பாட்டிலுமாகப் பின்னால் வர, வால்வைத் திறந்துவிட்டு வீரணன் கரட்டுத் தெருவில் ஏற ஆரம்பித்தான். அவன் ஏற ஏற நெஞ்சு நிதானமாக, உரமாக அடித்தது, அது அடிக்க அடிக்கத் தண்ணியும் மண்ணுக்கு அடியில் அவனோடு கூடவே ஏறியது. அவன் எந்த வீட்டு வாசலைத் தாண்டுகிறானோ அந்த வீட்டில் தண்ணி வந்தது. நரம்பு புடைக்கவில்லை, கீழே ஒரு திருகும் தெறிக்கவில்லை. அவன் நின்றால் தண்ணியும் நின்றது, அதனால் யாரும் அவனை நிற்கவிடவில்லை. "நடங்கண்ணே, நடங்க! பேச்செல்லாம் எறங்குறப்ப வச்சுக்கலாம்!" மோர் கொடுத்த வாய்க்கால் தெருவும் வைத கரட்டுத் தெருவும் இப்போது சேர்ந்து அவன் சாப்பாட்டைக் காவல் காத்தன. வடைத் தட்டுப் பக்கம் கை நீண்டால் நாகமணியே அதில் அடி போட்டான்.

கடைசி வீட்டுக்கு அவன் ஏறிப்போன அன்றைக்கு அண்ணனும் தங்கச்சியும் என்ன பேசினார்கள் என்று ஊர் ஆசையோடு கேட்டது. பெரிதாக ஒன்றுமில்லை. சிந்துஜா ஓடிவந்து நாற்காலி போட்டாள், ஒரு காதில் காலேஜ் தோடும் மறு காதில் அந்தச் சின்னச் சிவப்புக் கல்லும் போட்டிருந்தாள். வீரணன் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தான். குருவம்மா சீனி போடாத டீயை நீட்டி, "மேல ஏறி வர ஒனக்கு நெஞ்சு வெடிக்க வேண்டியிருக்கு" என்றாள். குழாய் கொஞ்சம் வேகமாகத் தட்டியது, அவ்வளவுதான்.

இன்னொரு தோடு குழாய்க்குள் எங்கேயோ கிடந்தது. இவ்வளவு தூரம் வந்தது ஒரு நாள் வராமலா போகும் என்று கரட்டுத் தெரு முழுக்கக் குழாய் வாயில் வெள்ளைத் துணி கட்டிவிட்டார்கள். தினமும் காலையில் வீரணன் அதைப் பார்க்கத்தான் ஏறுகிறேன் என்பான், நடக்கத்தான் ஏறுகிறேன் என்று ஒத்துக்கொள்ளமாட்டான். "இன்னைக்கு வந்துச்சா குருவு?" என்பான் கடைசிக் குழாயில். "வரல. நாளைக்குப் பாப்போம்" என்பாள் அவள்.

கார்த்திகையில் ஒரு காலை, மூச்சு வாங்கிக்கொண்டு அவன் நாற்காலியில் உட்கார, அவனோடு ஏறிவந்த தண்ணி கடைசிக் குழாயில் தட்ட, துணிக்குள் ஏதோ டங்கென்று விழுந்தது. வீரணன் எழப் போனான், அதற்குள் குருவம்மா குனிந்துவிட்டாள், துணியை அவிழ்த்துவிட்டாள்.

"என்னது?"

"கல்லுண்ணே."

"கல்லா?"

"கல்லுதேன்."

பவுன்தாயி பக்கத்தில்தான் நின்றாள். நாத்தனாரின் உள்ளங்கையில் அந்தக் கல்லு செக்கச்செவேலென்று ஒரு தரம் மினுங்கியதையும், கை அப்படியே மூடி இடுப்புச் சேலை மடிப்புக்குள் போனதையும் அவள் பார்த்தாள். குருவம்மாவும் அவள் பார்த்ததைப் பார்த்தாள். ஆயுசுக்கும் நடக்கணும் என்று டாக்டர் சொன்னது பவுன்தாயி காதில் கேட்டது. அவள் குனிந்து, தன் குடத்தைக் குழாய்க்கு அடியில் நகர்த்தி வைத்தாள்.

"எங்க போயிரும், நாளைக்கு வரும்" என்றாள். "நீங்க டீயக் குடிங்க."

"வரும் வரும்" என்றான் வீரணன். குடத்தில் தண்ணி ஒரு தள்ளு, ஒரு சின்ன இழுவை, ஒரு தள்ளு என்று விழுந்து நிறைந்துகொண்டிருந்தது.